புகழும் புகலிடமும்

கலைக்கு நாடில்லை, இனமில்லை, எல்லையில்லை என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். செவிக்கினிய இக்கூற்று உண்மைதானா என்று ஆராய்ந்து பார்ப்போர் மிகச் சிலரே. நாடுதோறும் சென்று பாடிப் புகழ்பெற்ற ஜோசப் ஷ்மிட் என்னும் இசைவாணரின் வரலாற்றை நோக்குமிடத்து, எல்லையின்மை பாட்டுக்கு மட்டுமே வாய்த்தது, பாடுவோனுக்கு வாய்த்ததன்று என்பது புலனாகின்றது.

ஷ்மிட், 1904ஆம் ஆண்டில், அக்காலத்து ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்திருந்த புகோவினா நாட்டுச் சிற்றூரொன்றில் யூதக் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே செர்னோவிட்ஸ் நகரத்து ஜெபாலயத்திற் பாடிப் பெயர்பெற்று, பின்னர் பெர்லின் சென்று முறைப்படி இசை பயின்றார். மேனாட்டார் 'டெனர்' என வழங்கும் உச்சஸ்தாயிச் சாரீரம் அவருக்கு இயற்கையாய் அமைந்திருந்தது. ஆயினும், ஓபரா என்னும் இசை நாடகத்தில் அச்சாரீரத்திற்குரியது பெரும்பாலும் காதலனும் வீரனுமாகிய கதாநாயகனுடைய வேடமே. ஷ்மிட்டோ ஐந்தடி உயரமும் நிரம்பாதவர். ஆகவே நாடக அரங்கின் கதவு அவருக்கு நெடுங்காலம் அடைபட்டிருந்தது.

உருவத்தைக் காட்டாது குரலை மட்டும் கொண்டுசெல்லும் வானொலி அவருக்கு வழி திறந்தது. 1929ஆம் ஆண்டில், மேயர்பீர் இயற்றிய இசை நாடகமொன்றில், வாஸ்கோ ட காமாவின் பாகத்தைப் பெர்லின் வானொலியிற் பாடினார். அதன்பின் வானொலியாலும் கிராமபோன் இசைத்தட்டுகளாலும் அவர் புகழ் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. 1933ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், அவர் கதாநாயகராக நடித்த திரைப்படம் பெர்லினில் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. மறுநாளிரவு அந்நகரிலேயே, யூதர் முதலியோர் எழுதிய நூல்கள் தீயிலிடப்பட்டன. நாஜிகள் ஆட்சிக்கு வந்த அவ்வாண்டிலேயே வானொலியும் யூதராகிய அவருக்கு மூடப்பட்டது.

அதுமுதல் அவர் வாழ்வு சுற்றுப்பயணமாயிற்று. வியன்னாவிற் குடியேறினார். 1937ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, நியூயார்க் கார்னெகி மண்டபத்திற் பாடினார். 1938ஆம் ஆண்டில் ஜெர்மனி ஆஸ்திரியாவைக் கைப்பற்றவே, பெல்ஜியம் புகுந்தார். 1939ஆம் ஆண்டில், பிரஸ்ஸெல்ஸ் நகரில், பூச்சினியின் 'லா போஹீம்' நாடகத்திற் கதாநாயகனாய் மேடையேறினார்; அரங்கக் கதவு ஈற்றில் திறந்தது. ஆனால் போர் மூண்டது. பிரான்சில் அகப்பட்டு அலைந்தவர், 1942ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மறைவாக எல்லை கடந்து ஸ்விட்ஸர்லாந்தை அடைந்தார்.

அந்நாடோ, இனத்தின் பொருட்டு மட்டும் துரத்தப்பட்டோரை அரசியல் அகதிகளாகக் கொள்ளலாகாதென விதித்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே எல்லையை அடைத்திருந்தது. ஷ்மிட் கீரென்பாட் முகாமில் வைக்கப்பட்டார். தொண்டைநோய்க்காக மருத்துவமனை சென்றபோது மார்பு வலிக்கின்றதென்று முறையிட்டார். அம்முறையீடு தக்கவாறு ஆராயப்படவில்லை. மீண்டும் முகாமுக்கு அனுப்பப்பட்டவர், நவம்பர் 16ஆம் நாள், அதனருகிலிருந்த சத்திரமொன்றில் இளைப்பாறச் சென்று, அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 38.

போர் சூழ்ந்த சிறிய நாடு, வருவோர் அனைவருக்கும் உணவளிப்பதெங்ஙனம் என்று சிலர் வினவலாம். அவ்வினாவை அந்நாட்டினரே பின்னர் ஆராய்ந்தனர். 1995ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைவர் அகதிகளைத் திருப்பியனுப்பியமைக்காக மன்னிப்புக் கோரினார். 1996ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அறிஞர் குழு 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவறிக்கை, உணவு நிலைமை அக்கொள்கைக்குத் தீர்மானமான காரணமன்று என உரைக்கின்றது. ஆகவே, குறைந்தது தானியமன்று, மனமே என்று நாம் சொல்லத் துணிகிறோம்.

இத்தகைய பெருங்கலைஞரைச் சாகவிட்டனரே என்று இரங்குவோர் பலர். அவ்விரக்கம் நன்றே; எனினும் அதனுள்ளும் ஒரு பிழை உண்டு. அவர் நன்றாகப் பாடியதனாற்றான் புகலிடத்திற்கு உரியவரானாரா? அம்முகாமில் அவரோடு வைக்கோலிற் படுத்த தையற்காரரும் கடைக்காரரும் எவ்வாற்றானும் அவரிற் குறைந்தவரல்லர். திறமையைச் சீட்டாகக் கேட்கும் கருணை, கருணையன்று, வாணிபமே. நல்ல சமாரியன் வழியிற் கிடந்தவனை நோக்கி, நீ என்ன கற்றாய், என்ன பாடுவாய் என்று வினவினானல்லன். காயத்தைக் கட்டிச் சத்திரத்திற் சேர்த்தான். செலவையும் தானே ஏற்றான்.

மாணவ நண்பர்களே, பிறநாட்டுப் பாட்டையும் படத்தையும் விரும்பிக் கேட்டும் கண்டும் மகிழும் நாம், அதனாலேயே பரந்த நோக்கம் உடையராய்விட்டோம் என்று எண்ணலாகாது. ஷ்மிட்டைக் கேட்டுக் கைகொட்டினோரும் அவ்வாறே எண்ணியிருப்பர். பாடவும் இயலாமல், நம் மொழியும் அறியாமல், வெறுங்கையோடு ஒருவன் நம் விடுதி வாயிலில் வந்து நிற்கும்போது நாம் செய்வது யாதோ, அதனைக்கொண்டே நம் கல்வியை அளத்தல் வேண்டும்.