மின்சாரத் தாயத்து

மின்சாரக் கட்டணம் தாங்க முடியவில்லை என்கின்ற கூக்குரல் வீட்டுக்கு வீடு கேட்கின்ற இக்காலத்தில், அக்கட்டணத்தை 100-க்கு 40, 50 வீதம் குறைத்துவிடுவதாகச் சொல்லி ஒரு சிறு பெட்டி கடைத் தெருக்களிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் விற்கப்பட்டு வருகிறது. அதைச் சுவரிலுள்ள பிளக்கில் சொருகி வைத்தால் போதுமாம். விளக்கை அணைக்க வேண்டியதில்லையாம், விசிறியை நிறுத்த வேண்டியதில்லையாம். பெட்டி தன் பச்சைக் கண்ணை விழித்துக்கொண்டிருக்க, யூனிட்டுக் கணக்கு தானாகவே இறங்கிவிடுமாம்.

தாயத்துக் கட்டினால் வியாதி போகும், தகடு புதைத்தால் வியாபாரம் பெருகும் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். தாயத்தையாவது பாமர மக்கள்தான் கட்டிக் கொள்ளுகிறார்கள் என்று படித்தவர்கள் பெருமை பேசிக் கொள்ளலாம். (அதுவும் பொய்ப் பெருமைதான்.) இப்பெட்டியையோ விஞ்ஞானப் பட்டம் பெற்றவர்களே வாங்கிச் சொருகி வைத்திருக்கிறார்கள்.

இப்பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சிறு விளக்குந்தான். கெப்பாசிட்டர் என்பது பொய்ச் சரக்கல்ல. விசிறி, பம்பு முதலிய மோட்டார் உள்ள சாமான்கள், வேலைக்கு வேண்டிய மின்சாரம் போகக் கொஞ்சம் அதிகமான கரண்டை வாங்கித் திருப்பிக் கம்பிக்கே அனுப்புகின்றன. அந்த வீண் போக்குவரத்தைக் கெப்பாசிட்டர் குறைக்கும். பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்று தனியாகக் கணக்குப் பார்த்துப் பணம் வாங்குகிறபடியால் அங்கே அதனால் இலாபமுண்டு. ஆனால் வீட்டு மீட்டர் கணக்கிடுவது உண்மையில் செலவான மின்சாரத்தை மாத்திரமேயாகும். போய்த் திரும்பி வந்ததற்கு வீட்டுக்காரன் காசு கொடுப்பதே இல்லை. கொடுக்காத காசை எப்படிக் குறைப்பது? விற்கிறவனோ ஆம்பியர் காட்டும் கருவியைக் கம்பியில் மாட்டி, எண் இறங்குவதைக் காட்டி, "பார்த்தீர்களா?" என்கிறான். எண் இறங்குவது மெய். கட்டணம் இறங்குமென்பது பொய். ஒரு பாதி மெய்யைக் காட்டி முழுப் பொய்யை விற்பது நம் நாட்டில் புதிய தொழிலல்லவே!

நிற்க, வாங்கினவர்களில் சிலர், "எங்கள் வீட்டில் குறைந்தது" என்று சாட்சியும் சொல்லுகிறார்கள். ஐப்பசியில் பெட்டி வாங்கினால் மார்கழி, தையில் குளிர் வந்து விசிறியும் குளிர்சாதன யந்திரமும் ஓய்ந்து பில் குறையத்தான் செய்யும். மூன்றாம் நாள் தானே இறங்குகிற காய்ச்சலுக்கு இரண்டாம் நாள் மந்திரித்தவன் பெயர் வாங்குகிற கதைதான் இது.

அப்படியானால் செலவைக் குறைக்க வழியே இல்லையா என்றால், தாராளமாக உண்டு. ஆனால் அது கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். 1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். கணக்கு இவ்வளவே. 75 வாட் பழைய விசிறி நாளைக்கு 18 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 81 யூனிட் ஆகிறது. இப்போது வந்துள்ள பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் ஓடுகிறபடியால் அதே காற்றுக்கு 32 யூனிட்டுத்தான். விலை கூடுதல் என்பது வாஸ்தவம். ஆனால் தமிழ்நாட்டுக் கட்டண முறையைக் கவனித்தால் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிதென்பது விளங்கும். 2022 செப்டம்பரில் நிர்ணயித்த விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டினால் இரண்டாவது 100 யூனிட்டுக்குக் கொடுத்த சலுகையைப் பிடுங்கிக் கொள்ளுவதால் வந்த வினை இது. 590 யூனிட் செலவழிக்கிற வீட்டில் இரண்டு பழைய விசிறிகளை மாற்றினால் 493-க்கு இறங்கும்; அன்றைய விகிதப்படி 2,670 ரூபாய் 1,683 ஆகிவிடும். 2024-ல் விகிதங்கள் மறுபடியும் ஏறின.

இதில் நம் ஆண்மக்களின் நீதியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பில் வந்த அன்று, "மிக்ஸியை ஓயாமல் ஓட்டினால் இப்படித்தான்" என்று பெண்களின் மேல் பாய்கிறார்கள். 750 வாட் மிக்ஸியை நாளைக்குப் பத்து நிமிஷம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட். ஐயா படுத்துறங்கும் அறையிலுள்ள பழைய ஒன்றரை டன் குளிர்சாதன யந்திரம் ஏறக்குறைய அவ்வளவையும் ஓரிரவில் தின்றுவிடுகிறது. அம்மியில் அரைக்கச் சொல்லுகிறவர், அந்த யந்திரத்தை 18 டிகிரியிலிருந்து 24-க்கு ஏற்றி, கூடவே விசிறியைச் சுற்றவிடலாகாதா? வாஸ்து பார்த்து ஜன்னலை அடைத்துவிட்டுப் பட்டப்பகலில் விளக்கெரிக்கிற புத்திசாலிகளைப் பற்றி இங்கே பேச இடமில்லை.

பெட்டியை நம்புகிறவர்கள் நம் வார்த்தையையும் நம்ப வேண்டாம். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக் கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அது 3200 என்று வைத்துக் கொள்ளுவோம். வீட்டில் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, 75 வாட் விசிறி ஒன்றை மாத்திரம் பத்து நிமிஷம் ஓட்டி எண்ணினால் சுமார் 40 வரும். பிறகு பெட்டியைச் சொருகிவிட்டு மறுபடி பத்து நிமிஷம் எண்ணிப் பாருங்கள். விற்க வந்தவனையும் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை ஒன்றிரண்டு கூடுதலாக வந்தால், அது அந்தப் பச்சைக் கண் தின்றதாகும்.