நிலக்கரி வருமானத்துக்கு மாற்று எங்கே? – எங்கள் நிலைப்பாடு

இந்தியாவின் பசுங்குடில் வாயு உமிழ்வு பற்றிப் பேச்செடுத்தாலே மக்கள்தொகையையும், ஏ.சி. வாங்கும் நடுத்தரக் குடும்பங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. மொத்த உமிழ்வில் நாடு உலகில் மூன்றாம் இடத்தில் இருக்கலாம்; ஆனால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன்-டை-ஆக்சைடு என்பது உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அதைக் கைவிட முடியாததற்கு முதல் காரணம், அரசுகளின் வரவு செலவு அதோடு பின்னிக் கிடப்பதுதான்.

ரயில்வேயையே பாருங்கள். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயிலிலும், அங்கிருந்து எண்ணூருக்குக் கப்பலிலும் வரும் கரியில்தான் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. ஒரு கரி வண்டி என்றால் சுமார் 58 வேகன்கள், 4,000 டன் பாரம். ரயில்வேயின் சரக்கு வருவாயில் பாதியளவு இப்படித்தான் வருகிறது. பயணிகள் கட்டணத்தில் விழும் துண்டை அடைப்பதும் சரக்கு லாபமே. முன்பதிவில்லாப் பெட்டியில் திருப்பூருக்கு வேலை தேடி வரும் ஜார்க்கண்ட் இளைஞரின் டிக்கெட்டில் ஒரு பங்கைக் கரி கட்டுகிறது. கரி நின்றால் அதை யார் கட்டுவது?

ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் அரசுகளுக்கு 14 சதவீத ராயல்டி. மின்வாரியங்களோ, 25 ஆண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுவிட்டு, மின்சாரம் வாங்காத நாளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கு நிலைக்கட்டணம் அழுகின்றன. தன்பாத் பக்கம் சைக்கிளில் இருநூறு கிலோவுக்கு மேல் கரி மூட்டை கட்டி, ஏறி மிதிக்க வழியின்றித் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். சுரங்கம் மூடினால் நஷ்டஈட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது.

2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய எரிசக்தி வரி, 2016இல் 400 ரூபாயானது. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்குத் திரும்பிவிட்டது. 2025 செப்டம்பரில் அதையும் நீக்கி, ஜி.எஸ்.டி.யை 5லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். வரி கூடியதுபோலத் தோன்றும். கணக்குப் போட்டால், டன் 3,000 ரூபாய்க்குக் கீழே விற்கும் மட்டமான, சாம்பல் மிகுந்த கரிக்கு வரி குறைந்திருக்கிறது. அனல்மின் நிலையங்கள் பெரும்பாலும் எரிப்பது அதைத்தான். இதைச் சீர்திருத்தம் என்று ஏற்க எங்களால் முடியாது.

ஆகவே டன் கணக்கிலான வரி மீண்டும் வரவேண்டும். அதன் முழுத்தொகையும் சுரங்க மாவட்டங்களின் மாற்றுத் தொழில்களுக்கே போகவேண்டும், சைக்கிள்காரர்கள் உட்பட. புதிய நீண்டகால அனல்மின் ஒப்பந்தங்கள் வேண்டாம். இதையே சாக்காக வைத்துச் சாதாரண வகுப்புக் கட்டணத்தை உயர்த்தினால் எதிர்ப்போம்.

2070க்குள் நிகர பூஜ்ஜியம் என்று 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்த ஒன்றிய அரசு, நிலக்கரியால் வரும் சரக்குக் கட்டணம், ராயல்டி, வரி, டிவிடெண்ட் அத்தனையையும் ஒரே வெள்ளை அறிக்கையாக அடுத்த பட்ஜெட்டுடன் நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டும் எனக் கோருகிறோம்.