ஆதாரில் இருக்கும் 'காலனி': வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் முன்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாடகைக்கு வீடு தேடும் தலித் மாணவர்களுக்கும், புதிதாகப் பணியேற்ற இளைஞர்களுக்கும் ஒரு கேள்வி தவறாமல் காத்திருக்கிறது: "சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?" வாடகை, முன்பணம் பற்றிய பேச்சு அதன் பிறகே தொடங்கும்; பல நேரங்களில் தொடங்காமலேயே முடியும். "சொந்தக்காரர்கள் வருகிறார்கள்", "வெள்ளையடிக்க வேண்டும்", "சைவம் சாப்பிடுவோருக்கு மட்டும்" என மறுப்புக்குப் பல பெயர்கள் உண்டு. சாதி என்ற பெயர் மட்டும் வெளியே வராது. (சைவம் கேட்ட வீட்டின் பின்கட்டிலிருந்து மீன்குழம்பு மணந்ததையும் நாம் அறிவோம்.)

கேள்வி கேட்கப்படாவிட்டாலும் ஆதார் அட்டை பதில் சொல்லிவிடுகிறது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்புக்கு முன் அச்சான அட்டைகளே நம் மாணவர்களின் கைகளில் உள்ளன. வீட்டைத் திறந்து காட்டுவதற்கு முன்பே ஆதார் நகல் கேட்கும் உரிமையாளருக்கு முகவரியின் அந்த ஒரு சொல் போதும்.

அமெரிக்காவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடாவில் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து 11ஆம் நாளில் விரட்டப்பட்ட வரலாறு நம் வாசகர்கள் அறிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்தும் நிலைமை எப்படி இருக்கிறது என்பதைச் சுகதேவ் தோரட் குழுவினர் தில்லியிலும் சுற்றுநகரங்களிலும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தொலைபேசியில் வீடு கேட்ட தலித்துகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் மறுக்கப்பட்டனர். நேரில் சென்றவர்களில் அது 44 விழுக்காடு. இஸ்லாமியர்களுக்கு நேரில் 61 விழுக்காடு. வீடு பார்க்கச் செல்லும் அந்தப் பத்து நிமிடங்களில்தான் சாதி வேலை செய்கிறது என்பதே இதன் பொருள்.

பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 1978 ஜூலையில் 12 தலித்துகள் படுகொலை செய்யப்பட்ட நகரம் விழுப்புரம். மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி முத்திரையிடப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. மூடப்படும் வீட்டுக் கதவுகளுக்கு அத்தகைய செய்தி மதிப்பு இல்லை. வழக்கும் இல்லை. நம் கவலை இதைப் பற்றியதே.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4இன் எட்டாம் உட்பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, பெறவோ, அதில் வசிக்கவோ தீண்டாமையின் பேரில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. அதைவிட முக்கியமானது பிரிவு 12: குற்றமாகும் செயல் பட்டியல் சாதியினருக்கு எதிராக நிகழ்ந்திருந்தால், அது தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். மறுத்து நிரூபிப்பது எதிரியின் சுமை. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை. அபராதத்தின் உச்சவரம்பு இன்றும் 500 ரூபாய்தான்! எனினும் இது புலன்கொள் குற்றம். காவல்துறை வழக்குப் பதிந்தே ஆக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமோ, வழக்கமான வணிக நிபந்தனைகளில் செய்வதைச் செய்ய மறுப்பதையும் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என வரையறுத்து, பிரிவு 3(1)(இசட்.சி)யில் தண்டனைக்குரியதாக்கியது. வாடகை மறுப்பு இதற்குள் அடங்கும் என்பது நம் வாதம். முதல் வழக்கிலேயே வெற்றி கிடைக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை; வலுவான சான்றுடன் ஒரு வழக்கு போனால்தான் வாதமே தொடங்கும்.

ஆகவே வீடு பார்க்கச் செல்வதைச் சாட்சியம் திரட்டும் வேலையாகவும் கருத வேண்டும். 'டு-லெட்' பலகையைத் தேதியுடன் படமெடுங்கள். தனியே செல்ல வேண்டாம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 'பொதுப் பார்வையில்' நிகழ்ந்தால்தான் வன்கொடுமைக் குற்றமாகும் என்பதையும், உறவினரும் நண்பரும் மட்டும் இருப்பது அதற்குப் போதாது என்பதையும் 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கியது. எனவே பேச்சை, முடிந்தவரை, கூடத்தில் அல்லாமல் தெருவாசலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பக்கம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. பொய் சொல்லி வீடு பிடிப்பவர்களை நாம் குறை கூறவில்லை. அந்த வீட்டில் அம்பேத்கர் படத்தை எங்கே மாட்டுவது என்ற கேள்வியோடு அவர்கள் வாழ வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் உறுதியாகும் வரை ஆதார் நகலைத் தராதீர்கள். அடையாளத்துக்கு முகவரி இல்லாத பான் அட்டை போதும்.

திரும்பியதும், "இன்று உங்கள் வீட்டைப் பார்த்தோம், நீங்கள் சொன்ன வாடகைக்கும் முன்பணத்துக்கும் சம்மதம்" என்று தொகைகளைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். மறுப்பு வந்தால், வேறு சாதி நண்பர் ஒருவரை அதே வீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இவ்வாறு சோதித்துப் பார்ப்பவர்களே வழக்குத் தொடுக்கலாம் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1982இல் ஹேவன்ஸ் ரியால்டி வழக்கில் ஏற்றது. இங்கே அவர் சாட்சியாவது போதும்.

வீடு கிடைத்துவிட்டால் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் துணை நிற்கும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும்; வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 'வேறு உடன்பாடு' என்ற சொற்களின் வழியேதான் பத்து மாத முன்பணம் நுழைகிறது. கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் படியுங்கள். சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி இச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதைச் சேர்க்கக் கோருவது மாணவர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(4)இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அங்கும் அசைவில்லையெனில் நடுவர் நீதிமன்றம் உண்டு. "வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொன்ன வீட்டின் வழியே அடுத்த வாரம் ஒருமுறை சென்று பாருங்கள். பலகை இன்னும் தொங்கினால் அதையும் படமெடுத்துப் புகாருடன் இணையுங்கள்.