இடித்தவர் யார்? இடிபட்டது எது?

"மாலிக்காபூர் வந்தான்! கோயிலை இடித்தான்! கொள்ளைகொண்டு போனான்!" கடலூரிலும் சிதம்பரத்திலும் மேடை கிடைத்த இடமெல்லாம் இந்தப் பல்லவியைப் பாடுகின்றனர் சிலர். பாடட்டும். வரலாறு பேசுவது நல்லதே. ஆனால், பல்லவியோடு பாட்டை நிறுத்திக்கொள்கின்றனரே, அங்கேதான் நமக்கு ஐயம் பிறக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டு விடுவோம், தோழர்களே! 1311-இல் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக்காபூர் தமிழகத்துக்குள் புகுந்தது உண்மை. கோயில்களைக் கொள்ளையிட்டது உண்மை. பிரமஸ்தபுரி எனும் ஊரில் பொற்கோயிலொன்று அடியோடு பெயர்த்தெறியப்பட்டதை, தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு பெருமிதம் பொங்க எழுதி வைத்திருக்கிறார். அவ்வூர் சிதம்பரமே என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். அல்ல என்பர் வேறு சிலர். சிதம்பரம் என்றே வைத்துக்கொள்வோம். 612 யானைகளும் 20,000 குதிரைகளும் தில்லி போய்ச் சேர்ந்தன என்பது பரணி எனும் வரலாற்றாசிரியர் காட்டும் கணக்கு. இவற்றையெல்லாம் நாம் மறைப்போமானால், பகுத்தறிவாளர் என்ற பெயரை மறைத்த அன்றே இழந்துவிடுவோம்.

சரி, அவனுக்கு வழி திறந்தவர் யார்? பாண்டிய நாட்டுப் பட்டத்துக்காகச் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் ஒருவரை ஒருவர் அழிக்க நின்ற நேரம் அது. தோற்ற சுந்தரபாண்டியன் அலாவுதீனிடம் அடைக்கலம் தேடினான் என்கிறார், அக்காலத்துப் பாரசீக எழுத்தாளர் வசாப். பணிந்துவிட்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் படைக்கு வழிகாட்டியாக வந்தான். மறுபுறமோ, வீரபாண்டியனின் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்தனர் என்று குஸ்ருவே கூறுகிறார்! மதப்போர் என்று மேடையில் முழங்குவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

இனி, நம் கடலூருக்கு வருவோம். திருப்பாதிரிப்புலியூர் இரயில் நிலையத்தில் இறங்கும் இளைஞரில் எத்தனை பேருக்குத் தெரியும், அம்மண் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் என்ற பெயருடன் சமணக் கல்விக்கு நிலைக்களமாக விளங்கியது என்பது? 458-ஆம் ஆண்டளவில் 'லோகவிபாகம்' எனும் நூல் உருவான பாடலிகை இவ்வூரே என்பர். பின்னர் அப்பராக மாறிய மருணீக்கியார், தருமசேனர் எனும் பெயரில் தங்கியிருந்ததும் இங்குள்ள பள்ளியில்தான். அந்தப் பள்ளி எங்கே? மாலிக்காபூர் இடித்தானா? அவன் பிறப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது இல்லாமற் போயிற்று!

எப்படிப் போயிற்று என்பதை நாம் சொல்லவில்லை, சேக்கிழார் சொல்கிறார். சைவனாக மாறிய காடவ மன்னன், சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுபோய்த் திருவதிகையில் சிவனுக்குக் கோயில் எடுத்தான் என்று பெரியபுராணத்தில் பாடுகிறார். அம்மன்னன் மகேந்திரவர்மப் பல்லவனே என்பர் அறிஞர். அந்தப் புராணம் அரங்கேறிய இடமோ, தில்லை ஆயிரக்கால் மண்டபம் என்பது சைவரின் மரபு.

புராணத்தை வரலாறாக ஏற்போர் அல்லர் நாம். கல்லைக் கல்லாக எண்ணிச் சரிபார்த்த கணக்கன்று அது. ஆயினும் ஒன்று கவனியுங்கள். இடித்ததை இழிவென்று எண்ணி ஒளிக்கவில்லை சேக்கிழார். பெருமையென்று எண்ணிப் பாடுகிறார். தில்லியில் குஸ்ரு செய்ததும் இதுவேதான்! பிறர் வழிபடும் இடத்தைத் தகர்ப்பதே தன் சமயத்துக்குப் புகழ் என்று கருதிய உள்ளம் இருவருக்கும் ஒன்று. ஒருவரைக் காட்டிப் பகை வளர்ப்பதும், மற்றவரைப் பூசையில் வைப்பதும் எந்த நீதி?

சமணரை விடுங்கள். "இந்துக்கள் அனைவரும் ஒன்று" என்பாரும் உளர். அந்த ஒற்றுமையைத் தில்லைக் கோயிலுக்குள்ளேயே பார்ப்போம். நடராசருக்கு அருகே பள்ளிகொண்ட கோவிந்தராசர் சிலையைப் பெயர்த்துக் கடலில் எறிந்தவன் துருக்கனல்லன்; இரண்டாம் குலோத்துங்கச் சோழன்! ஒட்டக்கூத்தர் அதைப் போற்றிப் பாடினார். விசயநகர மன்னன் அச்சுதராயன் காலத்தில், 1539-இல், கோவிந்தராசர் மீண்டும் நிறுவப்பட்டார். செஞ்சி கிருட்டிணப்ப நாயக்கன் அச்சந்நிதியை விரிவாக்க முனைந்தபோது, 1597-இல், தீட்சிதர்கள் கோபுரத்தின்மீதேறிக் குதித்து உயிர்விட்டனர். இருபது பேர் மாண்டனர் என்று, அவ்வழியே வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெண்டா எழுதினார். நாயக்கன் மனம் இரங்கினானா? ஏறுவோரைச் சுடச் சொன்னான். இருவர் குண்டுக்கு இரையாயினர். கொன்றவனும் இந்து, செத்தவரும் இந்து, சண்டையோ இரு சாமிகளுக்கு இடம் பங்கிடுவதில்!

மன்னர்கள் ஏன் கோயிலைக் குறிவைத்தனர்? அங்கே பக்தி இருந்ததாலா? பொன் இருந்தது, தோழர்களே! பராந்தக சோழன் தில்லையம்பலத்துக்குப் பொற்கூரை வேய்ந்தான். உழுதவனின் வரியும், தோற்ற நாட்டின் கொள்ளையும் ஓரிடத்தில் குவிந்து, மன்னனின் பெயரால் அது மின்னிற்று. அவனை வீழ்த்த வந்தவன் முதலில் கைவைத்ததும் அங்கேதான். உயர்ந்த மதில் இருந்ததால் கோயில் கோட்டையாகவும் பயன்பட்டது. 1781 சூன் 18-இல் சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றுத் திரும்பியவர் ஆங்கிலத் தளபதி அயர்கூட். உள்ளே இருந்து அதைக் காத்துநின்றது ஐதரலியின் படை! மேடைக்காரர் இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவார்?

1648-இல் படையெடுப்புக்கு அஞ்சி நடராசரைத் தூக்கிச் சென்று, குடுமியான்மலையிலும் மதுரையிலும் வைத்திருந்து, 1686-இல் திரும்பக் கொணர்ந்தனர். உலகைக் காப்பவரைக் காக்க மனிதர் தூக்கிக்கொண்டு ஓடிய கதை, நாம் சொன்னால் நாத்திகம் என்பர். ஆகவே அதிகம் சொல்லவில்லை.

இன்னொன்று: இடிபட்டது "நம் கோயில்" என்கின்றனரே, யாருடைய கோயில்? நந்தன் நெருப்பில் இறங்கிய பிறகே தில்லைக்குள் புக முடிந்தது என்பது அவர்கள் புராணமே கூறும் செய்தி. சென்னை மாகாணத்தில் கோயில்களை அனைவருக்கும் திறந்துவிடும் சட்டம் 1947-இல்தான் வந்தது. அதுவரை மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை அழைத்து, 'உன் கோயிலை இடித்தான் துருக்கன், ஓடிவா தடியோடு' என்கின்றனர்!

அயோத்தியில் 1992 டிசம்பர் 6 அன்று இந்தப் பல்லவி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாடு கண்டது. 1311-இன் கணக்கைப் பரங்கிப்பேட்டைக் கடைவீதியில் மீன் வாங்கும் முஸ்லிமிடம் தீர்க்க வேண்டுமாம்! அவன் என்ன மாலிக்காபூருக்குப் பேரனா? அப்படியானால், திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளிக்காகத் திருவதிகையில் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவது?

மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படுகிறார். அங்குள்ள முஸ்லிம் மக்கள் மரியாதை செய்து வரவேற்பது நெடுநாளைய வழக்கம். சாமி ஊர்வலத்திலும் நமக்கு நம்பிக்கை இல்லை, தர்காவிலும் இல்லை. ஆயினும் இவ்வாண்டு மாசிமகத்துக்கு அந்த மேடைக்காரரைக் கிள்ளைக்கு அழைத்துச் செல்லுங்கள், இளைஞர்களே! மாலிக்காபூர் பல்லவியை அங்கே, அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று, ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்போம்.