பாதித் தாளின் எடை

ராக்கெட் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது நெருப்பும் புகையும் காதைப் பிளக்கும் ஓசையும்தான். இவ்வாண்டு அறிவியல் கண்காட்சியில் நான் வைத்த மாதிரியில் இவை ஒன்றுமே இல்லை. ஓர் அட்டைப் பெட்டி, கொஞ்சம் ஜிகினாத் தாள், ஒரு நீல விளக்கு, அவ்வளவே. "அயனி இயந்திரம்" என்று எழுதி ஒட்டியிருந்தேன். பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "இதன் தள்ளுவிசை எவ்வளவு அம்மா?" என்று கேட்டார். "ஏ4 தாளில் பாதியின் எடை அளவு, ஐயா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, அடுத்த மேசையில் சீறிக்கொண்டிருந்த ராக்கெட்டைப் பார்க்கப் போய்விட்டார். அன்று அவரிடம் சொல்ல வாய்க்காததை இங்கே எழுதுகிறேன்.

நான் சொன்ன கணக்கு, ஜப்பான் 2003 மே மாதம் அனுப்பிய ஹயபுசா என்ற விண்கலத்துடையது. அதன் எடை சுமார் 510 கிலோ. அதிலிருந்த நான்கு அயனி இயந்திரங்களில் மூன்று ஒருங்கே இயங்கினாலும் விசை 0.024 நியூட்டன்தான். நியூட்டனின் இரண்டாம் விதியில் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் முழுதும் இயங்கினால் வேகம் வினாடிக்கு 4 மீட்டர் கூடும். சைக்கிள் வேகம்! ஆனால் விண்வெளியில் தடுக்கக் காற்று இல்லை. இடைவிடாமல் ஓராண்டு இயங்கினால் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் கூடிவிடும். தரையிலிருந்து எழும்ப இந்த இயந்திரம் உதவாது என்பது உண்மையே. ஹயபுசாவையும் நெருப்பு ராக்கெட்தான் மேலே கொண்டு சென்றது. அந்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. பயணமோ ஏழு ஆண்டுகள்.

இயந்திரத்தின் தத்துவம் நம் பாடத்தில் உள்ளதுதான். செனான் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தால் அது நேர் மின்னூட்டம் பெற்ற அயனியாகிறது. மின்புலம் அந்த அயனிகளை வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே விரட்ட, கலம் எதிர்த்திசையில் நகர்கிறது. இதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளித் தகடுகள் தருகின்றன. ஆனால் நேர் மின்னூட்டத்தை மட்டும் வீசிக்கொண்டே இருந்தால், கலத்தில் எதிர் மின்னூட்டம் சேர்ந்து, வீசிய அயனிகளையே திரும்ப இழுக்கும். ஆகவே பக்கத்திலேயே எலக்ட்ரான்களை வெளியேற்றும் நடுநிலையாக்கி ஒன்றும் வேண்டும். தோழியரே, இதை நினைவில் வையுங்கள்.

2005 நவம்பரில் இட்டோகாவா என்னும் குறுங்கோளில் இறங்கி எழுந்தபின் கலத்தின் வேதி எரிபொருள் கசிந்துவிட்டது. டிசம்பரில் தொடர்பே அறுந்தது; மறு மாதம்தான் மீண்டும் குரல் கிடைத்தது. 2007இல் திரும்பவேண்டிய கலம் 2010க்குத் தள்ளிப்போனது. 2009 நவம்பரில் இன்னோர் இயந்திரமும் நின்றபோது, எஞ்சிய ஒன்று மட்டும் வீடு சேரப் போதாது. 'ஏ' இயந்திரத்தில் நடுநிலையாக்கி நன்றாக இருந்தது. 'பி' இயந்திரத்தில் அயனிப் பகுதி நன்றாக இருந்தது. இரண்டையும் இணைத்து ஒரே இயந்திரமாக இயக்கினார்கள்! அவ்வாறு இணைக்க ஒரு சிறு டையோடைப் பொறியாளர்கள் புறப்படும் முன்பே சுற்றில் பொருத்தியிருந்தார்கள்.

2010 ஜூன் 13 அன்று கலம் வளிமண்டலத்தில் எரிந்தது. அதிலிருந்து பிரிந்த பேழை மட்டும் ஆஸ்திரேலியாவின் வூமெரா பாலைநிலத்தில் இறங்கியது. உள்ளே இட்டோகாவாவின் தூசித் துகள்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருந்தன. குறுங்கோள் ஒன்றிலிருந்து மனிதன் கொண்டுவந்த முதல் மாதிரி அதுவே.

ஏவும் நாளின் படத்தைப் பத்திரிகைகள் பெரிதாகப் போடுகின்றன. கண்காட்சியில் பரிசும் சத்தத்திற்கே போகிறது. இது நியாயமன்று என்பது என் கருத்து. (பரிசு கிடைக்காத கோபம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை.) எவ்வளவு விசை என்று கேட்கும் நடுவர்கள், எத்தனை நாள் இயங்கும், பழுதானால் என்ன வழி என்பவற்றையும் கேட்கட்டும், மதிப்பெண் தாளில் அவற்றுக்கும் இடம் இருக்கட்டும்.

என் மாதிரி இப்போது ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். நீல விளக்கின் பின்னால் ஒரு டையோடு பொருத்தியிருக்கிறேன். வெளியே தெரியாது, வருபவர்களுக்கு அட்டையைத் திறந்து காட்டுங்கள்.