எழுதியவர் கையில் டோக்கன்

சென்ற ஆண்டு மலருக்கு நானும் ஒரு கட்டுரை கொடுத்தேன். முன்போல் தாளில் அல்ல, கூகுள் டாக்ஸில். மலர்க் குழுவினர் ஐவருக்கும் திருத்தும் உரிமை இருந்தது. அவரவர் வீட்டிலிருந்தே ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்தோம். வசதிதான், மறுக்கவில்லை.

விழுப்புரம் பகுதியில் என்னிடம் பணிபுரிந்த கீமேன் ஒருவர் விடியற்காலையில் ஓடிவந்து, "தண்டவாளம் ஒடிஞ்சு கிடக்குதுங்க ஐயா" என்றார். அதை அப்படியே எழுதியிருந்தேன். அச்சில் அவர், "இருப்புப்பாதையில் முறிவு ஏற்பட்டுள்ளது" என்று பேசுகிறார்! ஒருவர் சொல்லை மாற்றினார். இன்னொருவர் வாக்கியத்தைச் சீர்செய்தார். எல்லாம் நல்லெண்ணத்தோடுதான். கட்டுரையில் என் பெயர் இருந்தது. கீமேனின் குரல் இல்லை.

இந்த யோசனை பழையது. 1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் சான்பிரான்சிஸ்கோ மேடையிலிருந்து, சுமார் 30 மைல் தள்ளியிருந்த சகாவுடன் ஒரே ஆவணத்தைத் திரையில் பகிர்ந்து காட்டினார். கூகுள் 2006-ல் ரைட்லி என்ற சேவையை வாங்கியது. 2010 முதல் ஒருவர் தட்டும் எழுத்து மற்றவர் திரையில் உடனே தெரிகிறது. இருவர் ஒரே வரியில் கைவைத்தாலும் எழுத்துகள் குழம்பாமல் கணினி பார்த்துக்கொள்கிறது. ஆனால் எது யாருடைய குரல் என்பது அதற்குத் தெரியாது.

ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை உண்டு. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை, இரு முனைக் கருவிகளும் இன்னொன்றைத் தராது. டோக்கன் கையில் இல்லாத டிரைவர் பிரிவுக்குள் நுழையக்கூடாது. நிலையத்தின் சிக்னல் பதிவேட்டிலும் எதையும் அழிக்கக்கூடாது. தவறை, படிக்கும்படியாக ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். கூகுள் டாக்ஸிலும் பழைய வடிவங்கள் பதிவாகியே இருக்கின்றன. நம்மில் யார் திறந்து பார்க்கிறோம்?

நேரடியாகத் திருத்தாமல் பரிந்துரையாக மட்டும் குறிக்கும் வசதி 2014-லேயே வந்துவிட்டது. ஏற்பதும் தள்ளுவதும் எழுதியவர் பொறுப்பு. நிகழ்ச்சி நிரல், உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு ஆகியவற்றை எல்லோரும் சேர்ந்தே எழுதலாம், பிழைகள் குறையும். பெயர் போட்டு வரும் கட்டுரைக்கு மட்டும் டோக்கன் எழுதியவர் கையில் இருக்கட்டும்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, ஊர்ப் பேச்சு மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்று இந்த மலர். அடுத்த மலருக்கு அந்தக் கீமேனை மறுபடி எழுதப் போகிறேன். இம்முறை அவர் பேசியபடியே பேசட்டும் என்று மலர்க் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.