கிச்சன் சயின்ஸ்: ஃப்ரீசரில் வைத்த ஐஸ்க்ரீம் ஏன் நறநறவென்று ஆகிறது?

பிறந்தநாளுக்கு வாங்கிய ஃபேமிலி பேக்கில் பாதி மிச்சம். பத்திரமாக ஃப்ரீசரில் வைத்து, இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், மேலே வெள்ளையாகப் பனி படர்ந்திருக்கிறது. வாயில் போட்டால் மணல் மாதிரி நறநறக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? சாப்பிடலாமா, கொட்டிவிடலாமா?

ஐஸ்க்ரீம் என்பது வெறுமனே உறைந்த பால் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஐஸ் துகள்கள், காற்றுக் குமிழ்கள், கொழுப்பு, உறையாத சர்க்கரைப்பாகு ஆகிய நான்கும் கலந்தது. ஐஸ் துகள்கள் மிகச் சிறியவையாக இருக்கும்வரை நாக்குக்குத் தெரியாது. அதனால்தான் வழவழவென்று இருக்கிறது.

நறநறப்பு எப்படி வருகிறது?

கதவைத் திறக்கும்போதும், மின்வெட்டின்போதும் ஃப்ரீசரின் குளிர் குறைகிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில், பனியைக் கரைக்க உள்ளே இருக்கும் ஹீட்டரும் அவ்வப்போது ஓடும். அப்போது சின்னத் துகள்கள் கரைகின்றன. மறுபடி குளிர்ந்ததும் அந்த நீர் புதிய துகளாக மாறுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பெரிய துகள்களோடு ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் பெரியவை இன்னும் பெரிதாகின்றன.

மேலே படரும் பனி?

இதைத்தான் ஃப்ரீசர் பர்ன் என்கிறார்கள். ஐஸ்க்ரீமின் மேல்பகுதியில் உள்ள ஐஸ், நீராகாமல் நேரடியாக ஆவியாகி, மூடியிலும் மேற்பரப்பிலும் பனியாகப் படிகிறது. ஈரம் போன இடம் வறண்டு, சுவை குறைகிறது. டப்பா காலியாகக் காலியாக உள்ளே காற்று அதிகம் என்பதால், பாதி டப்பாவுக்கு இது சீக்கிரம் வரும்.

சாப்பிடலாமா?

ஃப்ரீசர் பர்ன் உடம்புக்குக் கெடுதல் இல்லை. மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். ஆனால், மின்வெட்டில் முழுக்க உருகி, மறுபடி கட்டியான ஐஸ்க்ரீம் வேறு விஷயம். உருகிக் கிடந்த நேரத்தில் கிருமிகள் பெருகியிருக்கலாம்; திரும்ப உறைவதால் அவை சாவதில்லை. காற்று வெளியேறி, டப்பாவில் அளவு இறங்கி, கல் மாதிரி இறுகியிருந்தால் அதுதான் அடையாளம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

இப்படிச் செய்யுங்கள்

* கடையில் ஐஸ்க்ரீமைக் கடைசியாக எடுங்கள். மூடியின் உள்பக்கம் பனி இருந்தாலோ, டப்பா நசுங்கி ஒட்டியிருந்தாலோ வேண்டாம்.

* ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருப்பது நல்லது. டப்பாவைக் கதவோரம் வைக்காமல் உள்ளே, பின்பக்கம் தள்ளி வையுங்கள்.

* முழு டப்பாவையும் மேஜையில் வைத்து இளக விடாதீர்கள். தேவையானதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, டப்பாவை உடனே உள்ளே வையுங்கள். ஸ்கூப்பை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் சுலபமாக எடுக்கலாம்.

* மிச்சத்தின் மேல் பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல அழுத்தி, பிறகு மூடுங்கள், காற்று படாது. அல்லது சின்ன டப்பாவுக்கு மாற்றுங்கள்.

* பக்கத்தில் மீன், இறைச்சி இருந்தால் அவற்றை இறுக்கமாக மூடி வையுங்கள். ஐஸ்க்ரீமின் கொழுப்பு வாசனையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் நாலு பேர்தான் என்றால், அடுத்த முறை ஆஃபர் பார்த்துப் பெரிய பேக் வாங்காமல், ஒரே நாளில் தீரும் அளவுக்கு வாங்குங்கள். ஃப்ரீசருக்கு வேலையே இருக்காது!